கடைக்கு அகப்பக்கம்: எங்கள் ஊர்ச் சிறுவணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கருமாதி அறிவிப்பு என்று எது வந்தாலும் அச்சடிப்போம். சில ஆண்டுகளாகப் பெயரட்டை அடிக்க வருகிறவர்கள், "அக்கா, அப்படியே வெப்சைட்டுக்கும் எழுதிக் குடுத்துருங்க" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். முதல் இரண்டு மூன்று பக்கங்களைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை.

முகநூல் இருக்கிறது, புலனம் (வாட்ஸ்அப்) இருக்கிறது. அகப்பக்கம் எதற்கு?

உங்களை ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது தேவையே இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யார் முறுக்குச் சுடுவார், யார் ப்ளவுஸ் தைப்பார், யாருக்குச் சுளுக்கு எடுக்கத் தெரியும் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்று தோட்டத்து ஆட்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். யூனிசெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. பெண் வீடு இங்கே, மாப்பிள்ளை வீடு கிள்ளானில் என்றால், கிள்ளான்காரர் இங்கே கெனோபி (பந்தல் போல் போடும் கூடாரம்) வாடகைக்கு யாரிடம் கேட்பார்? கைப்பேசியிடம்தான்.

முகநூலில் நீங்கள் போட்ட விலைப்பட்டியல் ஒரு வாரத்தில் அடியில் போய்விடும். புலனக் குழுவுக்குள் பேசுவது தேடுபொறிக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றும் உண்டு. கூகுள் முன்பு சிறுகடைகளுக்கு இலவசமாக ஒருபக்க அகப்பக்கம் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டது. அதை நம்பிப் பெயரட்டை, லோரி, பை எல்லாவற்றிலும் அந்த முகவரியை அடித்தவர்கள் என்ன செய்வார்கள்? வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்கும் சொந்த வீட்டுச் சுவரில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் எல்லாருக்கும் வேண்டும் என்று சொல்லமாட்டேன். காலையில் அதே முப்பது பேர் வந்து தேத்தண்ணி குடிக்கும் ஒட்டுக்கடைக்கு அகப்பக்கம் தண்டச் செலவு. வரைபடத்தில் பெயர் இருந்தால் போதும்.

அப்படியானால் முதலில் வரைபடமா, அகப்பக்கமா?

வரைபடம். கூகுள் வணிகப் பதிவு இலவசம். அகப்பக்கத்துக்காக உட்காரும் முன் ஒரு மாலை ஒதுக்கி அதை முடித்துவிடுங்கள். பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது மூன்றைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த கடை. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்.

பெயர் என்ற இடத்தில் பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். "ஸ்ரீ மகா கெனோபி மலிவு கல்யாணம் பிறந்தநாள் வாடகை" என்று ரயில்பெட்டி போல் கோப்பது விதிமீறல், பதிவு முடக்கப்படலாம். வீட்டிலிருந்து பலகாரம் செய்பவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்று மட்டும் போடலாம். 20 இடங்கள் வரை அனுமதி. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் கடை திறந்திருக்குமா என்பதை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். பத்துமலைக்குப் போகும் வழியில் பூட்டிய கடை முன் வண்டியை நிறுத்தியவர் அடுத்த வருடமும் அதை மறக்கமாட்டார்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. என்னதான் எழுதுவது?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். என் பதில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். அதைக் கல்லாப் பக்கத்தில் வைத்து, இரண்டு வாரத்துக்கு யார் என்ன கேட்டாலும் கேட்டபடியே எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டது, புலனத்தில் வந்தது, கடை வாசலில் மோட்டாரை அணைக்காமலே கேட்டது எல்லாம். திருத்த வேண்டாம். "அண்ணே, மழ பேஞ்சா ஒழுகுமா?" என்றால் அப்படியே.

கெனோபி வாடகைக்கு விடும் ஒரு தம்பி அப்படி எழுதிக்கொண்டு வந்தார். முதல் நாள் நான் பார்த்த அவருடைய பக்கத்தில் இருந்தது இது: "வணக்கம். தரமான சேவையை நியாயமான விலையில் வழங்குவதே எங்கள் தலையாய நோக்கம். வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்." இதில் கெனோபி என்ற சொல்லே இல்லை. இந்த மூன்று வாக்கியத்தைப் பல் வைத்தியருக்கும் போடலாம், கோழிக்கடைக்கும் போடலாம்.

நோட்டில் இருந்தவை வேறு. ஒரு கெனோபிக்குள் எத்தனை மேசை போடலாம்? வீட்டு முன்னால் ரோட்டை அடைத்துப் போட யாரிடம் அனுமதி கேட்பது? முதல் நாளே வந்து போட்டுவிடுவீர்களா? விசிறி சேர்ந்ததா, தனிக் காசா? ஈஜோக் வரைக்கும் லோரிக் காசு எவ்வளவு? சாவு வீட்டுக்கு இரவில் கூப்பிட்டால் வருவீர்களா?

கடைசிக் கேள்வி ஏழு தடவை வந்திருந்தது. அவர் வருவார், பத்து வருடமாக வருகிறார். பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்போது முதல் பத்தி இப்படி இருக்கிறது: "பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா, துக்க வீடு எல்லாவற்றுக்கும் கெனோபி, மேசை, நாற்காலி வாடகைக்குத் தருகிறோம். மேசை ஒன்றுக்குப் பத்து நாற்காலி. துக்க வீட்டுக்கு இரவு எந்நேரமும் அழைக்கலாம்." தேடுபொறிக்கு வேண்டிய சொல்லெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டது. தேடி எடுத்துச் செருகவில்லை. கேட்டவர்கள் கொண்டுவந்து கொடுத்த சொற்கள் அவை.

நோட்டில் அடிக்கடி வரும் கேள்விக்கு முகப்புப் பக்கத்தில் இடம். நீண்ட பதில் வேண்டியதற்குத் தனிப் பக்கம். ஒரே ஒருவர் கேட்டதை விட்டுவிடுங்கள், அவருக்குப் புலனத்தில் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

தேடப்படும் சொல்லை எத்தனை தடவை எழுத வேண்டும்?

எண்ணிக்கை கிடையாது. நான் இதில் அடிபட்டவள். முதன்முதலில் ஒரு மசாலா மில்லுக்கு எழுதியபோது, அடியில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக "மசாலா மசாலாத் தூள் மிளகாய்த் தூள்" என்று நாற்பது வரி ஒட்டினேன். யாரோ யூடியூபில் சொன்னார். அத்துடன் விடாமல் ஒரே பக்கத்தை ஊர்ப் பெயர் மட்டும் மாற்றி கோல சிலாங்கூருக்கு ஒன்று, ரவாங்குக்கு ஒன்று, தஞ்சோங் காராங்குக்கு ஒன்று என்று பதினொன்றாகப் பெருக்கினேன். மில் ஒன்றுதான், இங்கேதான் இருக்கிறது. மறைத்து எழுதுவதும், இப்படி வாசல் வாசலாகப் போலிப் பக்கம் வைப்பதும் கூகுளின் குப்பைத்தன (ஸ்பேம்) விதிகளில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டவை. தேடினால் அந்தப் பக்கங்கள் எங்குமே வரவில்லை. மில்காரர் பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வழியாகப் போக ஒரு மாதம் கூச்சமாக இருந்தது.

பழைய தந்திரங்கள் எல்லாம் பழையவை. பக்கத்துக்குப் பின்னால் 'முக்கியச் சொற்கள்' என்று ஒரு பட்டியலை ஒளித்து வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. உள்ளே சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் பாண்டா மாற்றம் 2011இல் வந்தது. இன்னும் அந்தப் பட்டியலுக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சொல் இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு: பக்கத் தலைப்பு, மேலே பெரிய எழுத்தில் வரும் வரி, முதல் பத்தி, படத்துக்குக் கொடுக்கும் விளக்கம். தலைப்பில் முக்கியமானதை முன்னால் போடுங்கள், நீளமானால் கூகுள் பின்பக்கத்தை வெட்டிவிடும். தமிழ் எழுத்து அகலம் கூடியது, சீக்கிரம் வெட்டுப்படும். "முகப்பு" என்று மட்டும் தலைப்பு வைத்திருக்கும் கடைகள் இங்கே நிறைய. யாராவது "முகப்பு" என்று தேடி முறுக்கு வாங்குவார்களா?

ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது? பெஸ்தாரி ஜெயாவா, பத்தாங் பெர்ஜுந்தையா?

இரண்டும். 2007இல் அரசாங்கம் பெயரை மாற்றியது. அஞ்சல் முகவரியிலும் சாலைப் பலகையிலும் பெஸ்தாரி ஜெயா. ஆனால் வெளியூருக்குக் கல்யாணம் கட்டிப் போன அத்தைக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். என் அம்மா புதுப்பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தேடுகிறவர்களிலும் அந்த இரண்டு கூட்டம் உண்டு, மாணவர்கள் புதுப்பெயரில், பழைய ஆட்கள் பழைய பெயரில்.

முகவரிக் கட்டத்தில் அதிகாரப் பெயர். பத்தியில் ஒரு தடவை இயல்பாக: "பத்தாங் பெர்ஜுந்தை என்று பலரும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில்." அவ்வளவே போதும். தெலுக் இந்தானில் இருப்பவருக்கும் இதே கதை, 1982 வரை அது தெலுக் ஆன்சன். வயதானவர்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள்.

தோட்டத்துப் பெயரையும் விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் வழி சொல்வதே "பழைய கித்தா ஸ்டோரு தாண்டி, கோயில் முக்குல" என்றுதான் (கித்தா என்றால் ரப்பர்). தோட்டம் கைமாறி, மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டு, அப்புறம் வீடமைப்புப் பகுதி ஆகியிருக்கும். பெயர் மட்டும் வாயில் நிற்கும். 'எங்களிடம் வருவது எப்படி' என்று ஒரு சின்னப் பத்தி எழுதி அந்த அடையாளங்களைப் போடுங்கள். வரைபடத்தில் லோட் எண் தப்பான இடத்தில் ஊசி குத்தும் ஊர்களில் அந்தப் பத்தியை நம்பித்தான் ஆள் வந்து சேருவார்.

தமிழா, மலாயா, ஆங்கிலமா?

வாங்குகிறவர் எந்த மொழியில் தேடுகிறாரோ அந்த மொழி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு, தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். ஆனால் தையல்கடை தேடும் நம் வீட்டுப் பிள்ளையே 'கெடாய் ஜாஹிட்' என்று மலாயில் தட்டுகிறது. கெனோபிக்கு 'செவா கெனோபி'. கறித்தூளுக்கு மலாய்க்கார வாடிக்கையாளர் 'செர்புக் காரி' என்பார். ஆனால் பரதநாட்டிய வகுப்பு, சீர்வரிசைத் தட்டு, வளைகாப்பு அலங்காரம், முகூர்த்தப் பட்டு என்றால் தமிழ்ச் சொல்லைத்தான் தேடுகிறார்கள், பாதிப் பேர் ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள்.

அதனால் ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் கலந்து சோறு பிசைய வேண்டாம். மொழிக்கு ஒரு பக்கம், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மேலே ஒரு இணைப்பு. எது எந்த மொழிப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு ஒன்று உண்டு, அகப்பக்கம் கட்டித் தருகிறவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்றுக்கும் நேரமில்லை என்றால் மலாய் ஒன்று, தமிழ் ஒன்று.

எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். கெனோபியை அது 'விதானம்' ஆக்கும், ப்ளவுஸை 'ரவிக்கை' ஆக்கும். விதானம் வாடகைக்கு வேண்டும் என்று கேட்டு இதுவரை யாரும் என் கடைக்கு வரவில்லை. நல்ல தமிழ் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே வரியில் எழுதலாம்: "பந்தலுக்குப் பதிலாகப் போடும் கெனோபி." படிப்பவருக்கும் புரியும், தேடினாலும் கிடைக்கும்.

தமிழ் தட்டுவது பெரிய வேலை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். கைப்பேசியில் தமிழ் தட்ட வழி செய்தவர் நம் நாட்டிலேயே இருக்கும்போது நாம் தட்டாமல் இருப்பதற்குச் சாக்குக் குறைவு. பழைய அச்சகக் கோப்பிலிருந்து பாமினி எழுத்துருவை வெட்டி ஒட்டாதீர்கள், தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில்தான் (யூனிகோட்) எழுத வேண்டும்.

இணைய முகவரியே தமிழ் எழுத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், நான் வைப்பதில்லை. புலனத்தில் பகிரும்போது, முகவரியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் தமிழ்ச் சொல் விழுக்காட்டுக் குறிகளும் எழுத்துகளும் எண்களுமாக வெடித்துவிடலாம். 'கடை' என்ற சின்னச் சொல் மட்டும் 27 குறிகளாக நீளும். முகவரியை ரோமன் எழுத்தில் சின்னதாக வையுங்கள். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை மூன்றுக்கும் தமிழ் எழுத்திலேயே முகவரி முடியும் வசதி இருக்கிறது. நம் நாட்டுக்கு ரோமன் அல்லாத முடிவு ஜாவி எழுத்தில் மட்டும்.

'காம் டாட் எம்ஒய்' முகவரி வேண்டுமென்றால் வணிகப் பதிவுச் சான்று கேட்பார்கள். எஸ்எஸ்எம்மில் (அரசாங்க நிறுவனப் பதிவு ஆணையம்) பதிந்தவர்களுக்கு அது சிரமமில்லை, பார்ப்பவருக்கும் ஒரு நம்பிக்கை.

போஸ்டர் அழகாகச் செய்துவிட்டேன். அதையே பக்கத்தில் போட்டால் போதாதா?

போதாது. தீபாவளிப் பலகாரத்தின் பெயர், விலை, ஆர்டர் கடைசி நாள், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடைத்து, பின்னணியில் மத்தாப்பு வெடிக்க விட்டிருப்பார்கள். கண்ணுக்கு விருந்துதான். படத்துக்குள் உள்ள எழுத்தைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. வாடிக்கையாளரும் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. பார்வை குறைந்தவரின் கைப்பேசி வாய்விட்டுப் படித்தால் "படம்" என்று மட்டும் சொல்லும்.

போஸ்டரை முகநூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அதே விவரத்தை எழுத்தாகத் தட்டுங்கள். படம் வேண்டுமானால் உங்கள் கையால் சுட்ட முறுக்கின் படம், இணையத்தில் எடுத்த யாரோ வீட்டு முறுக்கு வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் பக்கம் ஊர்ந்து வரும். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் நல்ல அளவு. செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு கோடு மட்டும் காட்டும் கைப்பேசியில் திறந்து சோதித்துப் பாருங்கள், கடைக்குள் இருக்கும் வைஃபையில் வேண்டாம்.

எத்தனை சொல் இருந்தால் கூகுளுக்குப் பிடிக்கும்?

அப்படி ஒரு கணக்கே இல்லை. டயர் ஒட்டும் கடைக்கு எண்பது சொல் தாராளம்.

விலையைப் போடலாமா? பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பாரே?

அவர் ஏற்கெனவே மைத்துனரை விட்டு உங்களிடம் விலை கேட்டுவிட்டார். போடுங்கள். விலை இல்லாத பக்கத்தைப் பார்ப்பவர் "கூடுதலாக இருக்கும்போல" என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார், உங்களைக் கேட்பதில்லை.

ஒரே விலை சொல்ல முடியாத தொழில் என்றால், விலை எதனால் ஏறும் இறங்கும் என்று எழுதுங்கள். ப்ளவுஸ் தைக்கும் ஓர் அக்காவுக்கு நாங்கள் எழுதியது: சாதாரணத் தையலுக்கு இத்தனை வெள்ளியிலிருந்து (ரிங்கிட்), உள்துணி வைத்தால் இவ்வளவு கூடும், ஆரி வேலைக்குத் துணியைப் பார்த்துத்தான் சொல்வோம், தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் அவசரத் தையல் எடுப்பதில்லை. அந்தக் கடைசி வரிக்குப் பிறகு அவருக்கு இரவுத் தூக்கம் கிடைத்தது.

பக்கத்திலேயே விற்று அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2012இல் முதலில் வந்த மின்வணிக விதிகளின்படி, வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளைப் பற்றிய விளக்கம், அனுப்பும் செலவும் சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் வழி, பொருள் எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். 'விலைக்கு உள்பெட்டியில் வரவும்' என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

'சர்க்கரையைக் குணமாக்கும் மூலிகைத் தூள்' என்று எழுதலாமா? 'ஹலால்' என்று போடலாமா?

முதலாவதற்கு: எழுதவே கூடாது. மருந்து விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, ஆஸ்துமா, புற்றுநோய் போன்று அதில் பட்டியலிட்ட நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். பாட்டி வைத்தியம் என்ற பெயரில் எழுதினாலும் விளம்பரம் விளம்பரம்தான். என்ன மூலிகை, எங்கே காயவைத்தது, எப்படி அரைத்தது என்று எழுதுங்கள்.

இரண்டாவதற்கு: ஹலால் சான்றிதழ் கையில் இருந்தால் போடலாம். ஜாக்கிமும் (மத்திய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) மாநிலச் சமய அமைப்புகளும் கொடுக்கும் சான்று அது, 2011ஆம் ஆண்டு வணிகக் குறிப்பீட்டு ஆணைகளில் அந்தச் சொல்லுக்கும் சின்னத்துக்கும் சட்டக் காவல் உண்டு. சான்று இல்லையென்றால் மசாலாவில் என்னென்ன போடுகிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தால் கூகுள் தண்டிக்குமா?

யார் எழுதியது என்பதைவிட உருப்படியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம் என்று 2023இல் கூகுள் சொன்னது. தரவரிசைக்காகப் பக்கம் பக்கமாகப் பெருக்கித் தள்ளுவதை 2024 மார்ச்சில் குப்பைத்தன விதிகளில் சேர்த்தது. மனிதர் தள்ளினாலும் எந்திரம் தள்ளினாலும் ஒன்றுதான். எனக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தால் மசாலா மில் தப்பித்திருக்கும்.

எனக்கிருக்கும் கவலை வேறு. ஒரு மோட்டார்ப் பட்டறைக்காரர் கொண்டுவந்த எந்திர எழுத்தில் "25 ஆண்டு அனுபவமிக்க வல்லுநர் குழு" என்று இருந்தது. அவருக்கு வயது 29. குழு என்பது அவரும் அவர் தம்பியும். கேட்டால், "அதுவா எழுதிருச்சு அக்கா" என்கிறார். நோட்டுப் புத்தகத்தில் உள்ள கேள்வி பதிலைக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள், மலாய்ப் பிழையைத் திருத்தச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் ஓடும் மோட்டாருக்குச் செயின் எவ்வளவு நாளில் தேயும் என்பது அவருக்குத் தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது. 2022 டிசம்பரில் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் கூகுள் 'நேரடி அனுபவம்' என்பதையும் சேர்த்தது. செயின் கதையை எழுதினால் அந்த அனுபவம் பக்கத்திலேயே தெரியும்.

தீபாவளிக்கு எப்போது எழுதத் தொடங்குவது?

புதுப் பக்கம் என்றால் தேடுபொறி அதைக் கண்டுபிடித்து இடம் கொடுக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். பலகாரம் ஆர்டர் எடுப்பவர்கள் ஆடியிலேயே எழுதிவிடுங்கள், அப்போது கல்யாண வேலையும் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கம் திறக்க வேண்டாம். முகவரியில் ஆண்டைப் போடாமல் 'தீபாவளிப் பலகாரம்' என்று ஒரே பக்கத்தை வைத்து, உள்ளே தேதியையும் விலையையும் மட்டும் மாற்றுங்கள். பண்டிகை முடிந்ததும் அழிக்காதீர்கள். "இந்த ஆண்டு ஆர்டர் முடிந்தது, அடுத்த ஆண்டுக்குப் பெயர் கொடுத்து வைக்கலாம்" என்று ஒரு வரி போதும். வருடா வருடம் அதே இடத்தில் கடை போடுகிறவரைத்தான் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தேடிப் போகிறோம்.

நல்ல விமர்சனம் எழுதினால் 10 விழுக்காடு கழிவு தரலாமா?

கூடாது, கழிவோ பரிசோ கொடுத்து விமர்சனம் வாங்குவதை கூகுள் தடுக்கிறது. சொந்தக்காரர்களை உட்கார்த்தி ஒரே இரவில் முப்பது எழுத வைப்பதும் அப்படித்தான். வேலை முடிந்து வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே கிளம்பும் நேரத்தில் கேளுங்கள்: "அண்ணே, எப்படி இருந்ததுன்னு ரெண்டு வரி போட்டு விடுங்க." என்ன வேலை, எந்த ஊர் என்பதை அவரே எழுதிவிடுவார்.

மோசமாக எழுதினால் பதில் சொல்லுங்கள், சண்டை போடாதீர்கள். "சட்னி புளித்துவிட்டது" என்றவருக்கு "நீங்கள் சாப்பிட்டது மாலை நான்குக்கு" என்று கடைக்காரர் எழுதிய பதிலைப் பார்த்தேன். வாதத்தில் அவர் ஜெயித்தார். அதைப் படித்த மற்றவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு அங்கே சட்னி புளிக்கும் என்று தெரிந்துவிட்டது.

மாதம் இவ்வளவு கட்டினால் முதல் பக்கத்தில் நிறுத்துவதாகக் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று சொல்கிறதே?

கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் சொந்த வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அவர்கள் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் என்றால் விளம்பரத்துக்குக் காசு கட்டிக் காட்டப்போகிறார் என்று பொருள், காசு நின்றால் இடமும் போகும்.

எல்லா நிறுவனமும் ஏமாற்று என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். முகவரி யார் பெயரில் பதிவாகும்? கூகுள் வணிகப் பதிவின் உரிமை யார் மின்னஞ்சலில்? ஒப்பந்தம் முடிந்தால் எழுதியதெல்லாம் யாருக்கு? மூன்றுக்கும் "உங்களுக்கு" என்று எழுத்தில் தந்தால் பேசலாம். என்னிடம் வந்த ஒரு கேட்டரிங் அம்மாவுக்குத் தன் முகவரியே தன் பெயரில் இல்லை. காசு கட்டியது அவர், பதிவு இன்னொருவர் பெயரில். புது முகவரி வாங்கி முதலிலிருந்து தொடங்கினோம்.

கேள்வி-பதில் பக்கம் வைத்தால் கூகுளில் அப்படியே விரிந்து காட்டுமாமே?

முன்பு காட்டியது. 2023 ஆகஸ்டில் அதை அரசாங்க, சுகாதாரப் பக்கங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். ஆனாலும் கேள்வி-பதில் வையுங்கள். ஒரே கேள்விக்குப் புலனத்தில் ஐம்பது தடவை விரல் தேயாமல் இருக்கும்.

பெயர், எண் கேட்கும் படிவம் வைக்கலாமா?

வைக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி எதற்காகக் கேட்கிறீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள் என்று அறிவிப்பு வைக்க வேண்டும், அதுவும் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. வாங்கிய எண்களைச் சகலையின் காப்புறுதித் தொழிலுக்குக் கொடுத்துவிடாதீர்கள், நம் ஊரில் இது நடக்கிறது.

எழுதி முடித்தாயிற்று. இனி என்ன?

'சர்ச் கன்சோல்' என்று கூகுளின் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று அது காட்டும். மாதம் ஒரு தடவை திறந்தால் போதும், தினமும் பார்த்தால் மனசுதான் கெடும். ப்ளவுஸ் அக்காவின் பக்கத்தைப் பார்த்தபோது 'பள்ளி பாரம்பரிய உடை சிறுமி' என்று தேடி வந்திருந்தார்கள். அவர் சிறுமிகளுக்குத் தைப்பதாக எங்குமே எழுதவில்லை. கேட்டேன். "தைப்பேனே, யாரும் கேக்கலியே" என்றார். அன்று மாலையே ஒரு பத்தி சேர்த்தோம். நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கம் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி எண்ணை எங்கே போடுவது?

மேலேயும் கீழேயும், தொட்டால் புலனம் திறக்கும் இணைப்பாக. அந்த இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும், கூட்டல் குறி வேண்டாம். நம் எண் 0 என்று தொடங்குவதால் முன்னால் ஒரு 6 போட்டால் சரியாகிவிடும். 60 போட்டுவிட்டு அந்த 0வையும் விட்டுவைத்தால் வேலை செய்யாது. போட்டு முடித்ததும் வேறொருவர் கைப்பேசியிலிருந்து ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.